வால்டோர்ஃபா, வீஸ்லோக்கா? வீடு பார்க்கும் முன் கொஞ்சம் ஊர்க்கதை

"எஸ்ஏபி-யில் வேலை கிடைத்திருக்கிறது, எந்த ஊரில் வீடு பார்க்கலாம்?" ஜெர்மனியின் வால்டோர்ஃபில் தலைமையகம் வைத்திருக்கும் இந்த மென்பொருள் நிறுவனத்துக்கு வருகிற தமிழர்களிடமிருந்து இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. பதில் சொல்பவர்கள் எல்லோரும் வாடகையை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வாடகையை நீங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல வருவது வேறு. வால்டோர்ஃபைச் சுற்றியிருக்கும் இந்தச் சின்ன ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை உண்டு. உங்கள் விசா எந்த அலுவலகத்தில் புதுப்பிக்கப்படும், பிள்ளை போகும் கிண்டர்கார்டனை யார் நடத்துவார்கள், கொல்லையில் கீரை போடலாமா என்பது வரைக்கும் அந்தக் கதைதான் முடிவு செய்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிலம். ஹைடல்பர்கிலிருந்து தெற்கே பதின்மூன்று கிலோமீட்டர் வந்தால் வால்டோர்ஃப். ரைன் ஆற்றுச் சமவெளி என்பதால் தரை தட்டை. காலடியில் மணல்: பனியுகத்தின் முடிவில் காற்று ஆற்றுப்படுகையிலிருந்து அள்ளி வந்து கொட்டியது. பக்கத்து ஊரான சாண்ட்ஹவுசனில் அந்த மணல்மேடுகளை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், கடல் இல்லாத ஊரில் கடற்கரை மாதிரி. ரயில் பாதையைத் தாண்டிக் கிழக்கே போனால் நிலம் ஏறத் தொடங்கும். அங்கேதான் வீஸ்லோக், அதற்கு மேலே திராட்சைத் தோட்டங்கள், கிராய்ஷ்காவ் குன்றுகள். சைக்கிளில் வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் இதை மனதில் வையுங்கள். வால்டோர்ஃப், சங்க்ட் லியோன்-ரோட், சாண்ட்ஹவுசன் பக்கமிருந்து வந்தால் மூச்சு வாங்காது. வீஸ்லோக்கின் மேட்டுத் தெருக்களில் வீடு எடுத்தால் காலையில் இறக்கம் சுகமாக இருக்கும், மாலையில் தெரியும் சேதி.

ஜெர்மனியிலேயே வெதுவெதுப்பான பகுதிகளில் இதுவும் ஒன்று. ஜூலையில் மாடி வீடுகள் அடுப்பு மாதிரி கொதிக்கும், ஏசி இருக்காது. கூரைக்கு நேர் கீழே உள்ள வீட்டைக் குளிர்காலத்தில் பார்த்துவிட்டு "நல்ல வெளிச்சமாக இருக்கே" என்று கையெழுத்துப் போடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். புதுக் கெட்டிலின் அடியில் சீக்கிரமே வெள்ளைப் படலம் கட்டும். பயப்பட ஒன்றுமில்லை, குடிக்கலாம். கடையில் 'எஸ்ஸிக்எஸென்ஸ்' என்று கேட்டால் கடுமையான வினிகர் கிடைக்கும். தண்ணீர் கலந்து கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும்.

கொசு பற்றிக் கேட்டிருந்தார்கள். ரைன் கரை ஊர்களில் கோடைக் கொசு பெயர் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டுல்லா என்ற பொறியாளர் திட்டம் போட்டு வளைந்து கிடந்த ரைனை நேராக்கினார்கள். சதுப்பு குறைந்தது, மலேரியாவும் குறைந்தது, ஆனால் கைவிடப்பட்ட பழைய வளைவுகளில் வெள்ளத் தண்ணீர் தேங்குவது நிற்கவில்லை. 1976 முதல் ஆற்றோர ஊராட்சிகள் சேர்ந்து 'காப்ஸ்' என்ற அமைப்பை நடத்துகின்றன. கொசுப் புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தைப் பனிக்கட்டித் துகளாக்கி ஹெலிகாப்டரிலிருந்து தூவுவார்கள். தலைக்கு மேல் தாழ்வாக ஹெலிகாப்டர் சுற்றினால் பதற வேண்டாம். வால்டோர்ஃப் ஆற்றிலிருந்து கொஞ்சம் தள்ளியிருப்பதால் தொல்லை குறைவு.

ரயில் நிலையம் பற்றி ஒரு எச்சரிக்கை. 'வீஸ்லோக்-வால்டோர்ஃப்' என்று பலகை இருக்கும். பெட்டி படுக்கையோடு இறங்கிப் பார்த்தால் ஊரையே காணோம்! பெரிய வண்டி நிறுத்தம், பேருந்துகள், பக்கத்தில் அச்சு இயந்திரத் தொழிற்சாலை, அவ்வளவுதான். 1843-இல் ஹைடல்பர்கிலிருந்து கார்ல்ஸ்ரூவுக்குப் பாதை போட்டபோது சமவெளியில் நேராகக் கோடு இழுத்துவிட்டார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே நிலையம் விழுந்தது, இரண்டுக்குமே தூரம். அதனால் "நிலையத்துக்கு அருகில்" என்று விளம்பரம் பார்த்தால் வரைபடத்தில் அளந்து பாருங்கள். எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் ஹைடல்பர்க் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். நேரத்தைத் தின்பது நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் பேருந்துதான், அதிலும் ஞாயிறு மாலை.

இப்போது அலுவலக விஷயம். பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். வீடு மாறி இரண்டு வாரத்துக்குள் ராட்ஹவுஸில் (ஊராட்சி அலுவலகம்) ஆன்மெல்டுங் (முகவரிப் பதிவு) செய்ய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிச் சீட்டோடு. அது எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் வதிவிட அனுமதி அப்படியில்லை. வால்டோர்ஃபிலோ சாண்ட்ஹவுசனிலோ இருந்தால் உங்கள் கோப்பு மாவட்ட நிர்வாகமான லாண்ட்ராட்ஸ்அம்ட்டுக்குப் போகும். வீஸ்லோக் 1973 முதல் 'பெரிய மாவட்ட நகரம்' என்ற தகுதி பெற்றது, அதனால் அதற்குச் சொந்தமாக வெளிநாட்டவர் அலுவலகம். ஹைடல்பர்க் தனி மாவட்டம், அதற்கு வேறு. மூன்று கிலோமீட்டர் தள்ளி வீடு மாறினால் கோப்பும் அலுவலகம் மாறும், மாறுகிற காலத்தில் அது எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வதிவிட அட்டை முடியப் போகிற சமயத்தில் இந்த எல்லைகளைத் தாண்டி வீடு மாறாதீர்கள். முதலில் புதுப்பியுங்கள், பிறகு லாரி பிடியுங்கள்.

இந்த எல்லைக் கூத்து இன்று நேற்று வந்ததில்லை. வால்டோர்ஃபின் பெயர் 770-ஆம் ஆண்டில் லோர்ஷ் மடத்தின் ஆவணத்தில் முதலில் வருகிறது. பிறகு பல நூறு ஆண்டுகள் ஹைடல்பர்கில் உட்கார்ந்து ஆண்ட கூர்ஃபால்ட்ஸ் என்ற நாட்டுப் பிரபுக்களின் கையில் இருந்தது. அவர்கள் மதம் மாறினால் குடிகளும் மாற வேண்டிய காலம்: கத்தோலிக்கம், லூதரன், கால்வினியம், மறுபடி கத்தோலிக்கம் என்று. ஆனால் தெற்கே ஒட்டியிருக்கும் சங்க்ட் லியோனும் ரோட்டும் ஷ்பையர் ஆயருக்குச் சொந்தம், அதனால் அசையாத கத்தோலிக்க ஊர்கள். (அவை இரண்டும் ஒரே ஊராட்சியானது 1975-இல்தான். பழைய ஆட்களிடம் கேட்டால் இன்னும் தனித்தனியாகத்தான் சொல்வார்கள்.) பதினேழாம் நூற்றாண்டில் முப்பதாண்டுப் போர், அது ஓய்ந்ததும் பதினான்காம் லூயியின் படை, கூர்ஃபால்ட்ஸ் ஊர்கள் பலவும் எரிந்தன. ஹைடல்பர்க் கோட்டை இன்று இடிந்து நிற்பதும் முக்கியமாக லூயியின் படையால்தான். ஆளில்லாமல் போன நிலத்துக்கு சுவிட்சர்லாந்திலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் குடிகளை அழைத்துவந்தார்கள். ஆகவே "நாங்கள் ஆதிகாலத்திலிருந்து இங்கே" என்று யாராவது சொன்னால் உள்ளுக்குள் சிரித்துக்கொள்ளலாம்.

இதனால் உங்களுக்கு என்ன? கிண்டர்கார்டன். பல இடங்களில் கத்தோலிக்கத் திருச்சபையோ எவாங்கெலிஷ் (புராட்டஸ்டன்ட்) திருச்சபையோதான் நடத்துகிறது. பெயரைப் பார்த்து ஒதுங்காதீர்கள், எந்த மதப் பிள்ளையையும் சேர்ப்பார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மகன் ஆடு வேஷம் போட்டு நிற்பான், ரசித்துவிட்டு வாருங்கள். இடம் கிடைப்பதுதான் பாடு. வீட்டு ஒப்பந்தம் கையில் வந்த அன்றே பதிந்துவிடுங்கள்.

கத்தோலிக்கத் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு. ஆன்மெல்டுங் படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று எழுதினால் தேவாலய வரி பிடிப்பார்கள். இந்த மாநிலத்தில் அது வருமான வரியில் 8 சதவீதம். சம்பளத்தில் 8 சதவீதம் என்று ஒரு வதந்தி சுற்றுகிறது, அது தவறு. 1803-இல் திருச்சபையின் நிலபுலன்களை அரசுகள் எடுத்துக்கொண்டன, இந்த வரி அதன் பின்விளைவாக வளர்ந்தது. அதே 1803-இல்தான் கூர்ஃபால்ட்ஸ் கலைந்து இந்தப் பகுதி பாடன் என்ற நாட்டுக்குப் போனது. பாடன்காரர்களை ஷ்வாபியர் (பக்கத்து வூர்ட்டம்பெர்க்காரர்) என்று மட்டும் அழைத்துவிடாதீர்கள். 1952-இல் இரண்டு பகுதியையும் ஒரே மாநிலமாகச் சேர்த்தும் அந்த மனத்தாங்கல் போகவில்லை. வேலையிடத்தில் நட்பு பிடிக்க வேண்டுமென்றால் ஷ்வாபியரைக் கிண்டலடிக்கும்போது சேர்ந்து சிரித்தால் போதும்.

ஆஸ்டர் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஊரில் எங்கு திரும்பினாலும் அந்தப் பெயர்தான்: ஆஸ்டர் தெரு, ஆஸ்டோரியா கால்பந்து கழகம். 1763-இல் இங்கே ஒரு கசாப்புக் கடைக்காரருக்குப் பிறந்தவர் யோஹான் யாகோப் ஆஸ்டர். பதினாறு வயதில் கிளம்பி லண்டனில் இசைக்கருவி செய்யும் அண்ணனிடம் போனார். அங்கிருந்து சில புல்லாங்குழல்களோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். தோல் வியாபாரம், பிறகு நியூயார்க்கில் நிலம். 1848-இல் இறக்கும்போது அமெரிக்காவிலேயே பெரிய பணக்காரர். பிறந்த ஊர் ஏழைகளுக்கென்று 50,000 டாலர் எழுதிவைத்தார். அந்தப் பணத்தில் எழுந்த ஆஸ்டர் இல்லம் 1854-இல் திறந்தது, இன்றும் நிற்கிறது. அவர் வம்சத்தார் நியூயார்க்கில் கட்டியதுதான் வால்டோர்ஃப்-அஸ்டோரியா ஹோட்டல். அந்த ஹோட்டலில் பிறந்தது வால்டோர்ஃப் சாலட். ஷ்டுட்கார்ட்டில் வால்டோர்ஃப்-அஸ்டோரியா என்ற சிகரெட் ஆலை இருந்தது, அதன் தொழிலாளர் பிள்ளைகளுக்காக 1919-இல் தொடங்கியது முதல் வால்டோர்ஃப் பள்ளி. சென்னையிலோ பெங்களூரிலோ வால்டோர்ஃப் பள்ளிக்குக் கட்டணம் கட்டியவர்களே, மூலம் இந்த மணல்காட்டு ஊர்தான். பிழைக்க வெளியூர் போனவனின் பெயரை இவ்வளவு கொண்டாடும் ஊரில் நாம் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

எஸ்ஏபி வரும்வரை இங்கே விளைந்தது புகையிலை, ஹாப்ஸ் (பியரில் போடும் பூ), ஆஸ்பரகஸ். ஐபிஎம்-மிலிருந்து விலகிய ஐந்து பேர் 1972-இல் வைன்ஹைமில் தொடங்கிய நிறுவனம் 1977-இல் இங்கே குடிவந்தது. ஜெர்மனியில் தொழில்வரியின் விகிதத்தை ஊராட்சியே முடிவு செய்யும், வரும் பணத்தில் ஒரு நல்ல பங்கும் அதற்கே. சுமார் 15,000 பேர் வாழும் ஊரில் நூலகம், நீச்சல்குளம், சின்ன விலங்குக் காட்சிசாலை எல்லாம் இருப்பது அப்படித்தான். வாடகை ஏறியதும் அதே காரணத்தால்தான்.

ஆஸ்பரகஸை ஒருமுறையாவது வாங்கிப் பாருங்கள். ஏப்ரலில் சாலையோரக் கொட்டகைகளில் வெள்ளையாக வரும், ஜூன் 24-க்கு மேல் கிடையாது. தோல் சீவித் தேங்காய்ப்பாலில் கூட்டு வைத்தால் முருங்கைக்காயை ஓரளவு மறக்கலாம்.

இன்னொரு பக்கமும் தெரிந்திருக்கட்டும். 1940 அக்டோபர் 22 அன்று பாடன் முழுவதிலுமிருந்து யூதர்களை நாஜிகள் வீட்டிலிருந்து கிளப்பி பிரான்ஸின் கூர்ஸ் தடுப்பு முகாமுக்கு ரயிலேற்றினார்கள். ஃபால்ட்ஸ், சார் பகுதிகளையும் சேர்த்து 6,500 பேருக்கு மேல். பிழைத்திருந்தவர்களில் பலர் பின்னால் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் முடிந்தார்கள். இந்தப் பக்கத்து ஊர்களின் நடைபாதையில் அவர்களைப் போன்றவர்களின் பெயர் பொறித்த சின்னப் பித்தளைக் கற்களைப் பார்ப்பீர்கள். பிள்ளைகள் கேட்டால் என்னவென்று சொல்லிக்கொடுங்கள், பள்ளியில் எப்படியும் படிப்பார்கள்.

கீழே பின்னூட்டத்தில் கேட்டவர்களுக்கு:

தமிழுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்ட தம்பிக்கு: ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் 1962-இல் தொடங்கிய தெற்காசிய நிறுவனம் இருக்கிறது, தமிழ் கற்பித்த இடம். பொதுச் சொற்பொழிவுகள் நடக்கும், அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

வார இறுதியில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று கேட்ட அக்காவுக்கு: வீஸ்லோக் பழைய நகரத்தில் ஒரு மருந்துக்கடை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கார் கண்டுபிடித்த கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு மோட்டார் வண்டியில் மன்ஹைமிலிருந்து ப்ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பி, வழியில் எரிபொருள் தீர்ந்து இங்கேதான் லிக்ரோயின் என்ற பெட்ரோல் போன்ற திரவத்தை வாங்கினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று பெருமை பேசிக்கொள்வார்கள். கோடையில் சங்க்ட் லியோன் ஏரி: சரளைக்கல் தோண்டிய பள்ளத்தில் ஊற்றெடுத்தது, நீந்தலாம்.

பூனையோடு வரும் தங்கைக்கு: சிரிக்காமல் படிக்கவும். வால்டோர்ஃபின் தெற்குப் பகுதியில் 2022 முதல் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை பூனையை வெளியே விடக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டது. வறண்ட மணல்தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடி அங்கே சில ஜோடிதான் மிச்சம். மீறினால் அபராதம் 500 யூரோ, பூனை பறவையைக் கொன்றால் 50,000 வரை. 2025 வரைக்குமான உத்தரவு அது. இப்போது என்ன நிலை என்று வீடு எடுக்கும் முன் ராட்ஹவுஸில் கேட்டுவிடுங்கள்.

தோட்டம் கேட்ட அண்ணனுக்கு: வால்டோர்ஃப் மணலில் தண்ணீர் நிற்காது, எரு நிறையப் போட வேண்டும், மற்றபடி வெண்டைக்காய்கூட முயலலாம். வீஸ்லோக், நுஸ்லோக் பக்கம் என்றால் கவனம். அங்கே ரோமர் காலம் தொட்டு வெள்ளி, ஈயம், துத்தநாகம் தோண்டி உருக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் மண்ணில் ஈயமும் காட்மியமும் ஆர்சனிக்கும் இன்னும் கிடக்கின்றன. அந்த நிலம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று லாண்ட்ராட்ஸ்அம்ட்டில் விசாரியுங்கள். சந்தேகமென்றால் தரையில் எதுவும் நடாமல் மரப்பெட்டியில் மேட்டுப்பாத்தி கட்டி, கடையில் மூட்டை மண் வாங்கிப் போடுங்கள். கீரைக்கு அது தாராளம்.