குழாயில் ஓடு கட்டிய உப்புக்கறை: குரோம் கெடாமல் எடுக்க வழி உண்டா?

கேள்வி
வீட்டில் போர் தண்ணீர்தான், நல்ல உப்பு. வாஷ்பேசின் குழாயின் அடியில் வெள்ளையாக ஓடு கட்டியிருக்கிறது. கிச்சன் சிங்க் குழாயில் தண்ணீர் நேராக விழாமல் பக்கவாட்டில் பீய்ச்சுகிறது. இரண்டும் பித்தளைமேல் குரோம் பூசியவை. எலுமிச்சை மூடியால் தேய்த்தும் அசையவில்லை. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைத் தொட்டுத் துடைக்கலாமா?

பதில் 1
ஆசிட் வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குழாயில் உள்ள குரோம் பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது. உப்போடு அதுவும் கரைந்து, கீழே இருக்கும் நிக்கல் மஞ்சள் பாய்ந்து தெரியும். போன பூச்சு திரும்ப வராது. அந்த ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து.

படிந்திருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்க மென்மையான அமிலமே போதும், ஆனால் ஊற நேரம் வேண்டும். எலுமிச்சை மூடியில் தேய்ப்பு இருக்கிறது, ஊறல் இல்லை.

மளிகைக்கடையில் லெமன் சால்ட் என்று கேளுங்கள். அது சிட்ரிக் அமிலம்தான். கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 15 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி. முதலில் பாத்திர சோப்பால் குழாயைக் கழுவுங்கள். எண்ணெய்ப்பிசுக்கு இருந்தால் அமிலம் உப்பைத் தொடாது. பிறகு பழைய பருத்தித்துணியை நனைத்து இறுக்கமாகச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் கட்டுங்கள். குமிழ் விட்டால் வேலை நடக்கிறது. 20 நிமிடத்தில் அவிழ்த்து, டூத்பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு தடவை. ராத்திரி முழுக்க விடாதீர்கள்.

கவனம்: சமையல் மேடை கடப்பாக்கல்லோ மார்பிளோ என்றால் ஒரு சொட்டும் சிந்தக்கூடாது. இரண்டிலும் இருப்பது அதே கால்சியம் கார்பனேட்தான், பளபளப்பு அரித்துவிடும். கறுப்பு, தங்க நிறக் குழாய்களுக்கு இந்த முறையே வேண்டாம்.

பதில் 2
சிங்க் குழாய் பீய்ச்சுவது நுனியில் இருக்கும் வலை அடைத்ததால். ஏரேட்டர் என்று கேட்டால் கடையில் தெரியும். கீழிருந்து அண்ணாந்து பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்பினால் கழன்று வரும். ஸ்பேனர் போடுவதானால் துணி சுற்றிப் போடுங்கள். வரவில்லையா, பலவந்தம் செய்யாதீர்கள், மரை போய்விடும். கவரில் அதே கரைசலை ஊற்றி நுனியில் அரைமணி நேரம் கட்டித் தொங்கவிட்டால் இளகும்.

உள்ளே வலை, பிளாஸ்டிக் தட்டு, ரப்பர் வாஷர் அடுக்காக இருக்கும். பிரிக்கும்போதே வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிப் போட்டால் ஒழுகும். வாஷரைத் தனியே வைத்து மற்றதை ஊறவையுங்கள். மாட்டுவதற்குமுன் குழாயை அரை நிமிடம் வேகமாகத் திறந்துவிடுங்கள். உதிர்ந்த உப்புத்துகள் வெளியேறாவிட்டால் மறுபடி அதே வலையில்தான் வந்து நிற்கும்.

கேட்டவர்
இரண்டு தடவை செய்தாயிற்று, தண்ணீர் நேராக விழுகிறது. வாஷ்பேசின் குழாயில் மட்டும் இரண்டு இடத்தில் வெள்ளைத்திட்டு போகவில்லை, குமிழும் வரவில்லை. சிங்க் குழாயின் கைப்பிடியும் இறுக்கமாக இருக்கிறது.

பதில் 1
நகத்தால் தடவிப் பாருங்கள். மேடாக இருந்தால் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் பொருள்; இந்த அமிலம் அதைக் கரைக்காது. பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் சுரண்டுங்கள், பிளேடும் கம்பி நாரும் கூடாது. பள்ளமாகவோ பச்சை படர்ந்தோ இருந்தால் பூச்சே போய்விட்டது. அதற்குமேல் எதைத் தேய்த்தாலும் வீண்.

பதில் 2
கைப்பிடி இறுக்கம் உள்ளே ஸ்பிண்டிலில், அதாவது கைப்பிடியோடு சேர்ந்து திரும்பும் தண்டில். சிங்க் அடியில் இருக்கும் வால்வை மூடிவிட்டு ஸ்பிண்டிலைக் கழற்றி, கரைசலில் 15 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். பிறகு ரப்பர் வளையத்தில் சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் முதலில் இலகுவாகத் திரும்பும், போகப்போக ரப்பர் ஊதி ஒழுக ஆரம்பிக்கும்.

சொட்டுகிற குழாய்க்கு முதலில் வாஷர் மாற்றுங்கள். சொட்டு காய்கிற இடத்தில்தான் உப்பு ஏறும். இரவு கடைசியாகப் புழங்கியதும் ஒரு காய்ந்த துணியால் துடைத்து வைத்தால் ஓடு கட்டாது.