கத்திரி வெயிலில் சீதளி: நாக்கு சுருளாவிட்டால்?

கேள்வி:
கத்திரி தொடங்கியதும் சூரிய நமஸ்காரம் செய்தாலே உடம்பு தகிக்கிறது. உடம்பைக் குளிர்விக்கும் மூச்சுப் பயிற்சியான சீதளியில் நாக்கைக் குழலாக மடித்து அதன் வழியே காற்றை இழுக்கணும்; என் நாக்கு மடிய மாட்டேன் என்கிறது. மாற்று உண்டா?

பதில் 1:
சீத்காரி செய்யுங்க. பற்களை லேசாகச் சேர்த்து, உதட்டை விரித்து, பல்லிடுக்கு வழியாக ‘ஸ்ஸ்’ என்று காற்றை இழுங்க. பிறகு வாயை மூடி, மூக்கு வழியாக நிதானமாக விடணும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: விடுவதும் வாயால் என்றால் தொண்டை வறண்டு இருமல் வரும். 8 முதல் 10 சுற்று போதும். பல் கூச்சம் இருந்தால் இது ஒத்துவராது.

பதில் 2:
ஆஸ்துமா, சளி உள்ளவர்களுக்கு சீதளி, சீத்காரி இரண்டுமே வேண்டாம். மூக்கைப்போல வாய் தூசியை வடிகட்டாது. புழுதி பறக்கும் மொட்டைமாடியைத் தவிருங்கள். சூரிய நமஸ்காரத்தை விட்டுவிடாதீங்க, விடியலுக்கு முன் 4 சுற்று, மெதுவாக. வேகமாக மூச்சை இழுத்து விடும் பஸ்திரிகா சூடேற்றும், மழைக்காலம் வரும்வரை அது வேண்டாம்.

பதில் 3:
மாலையில் கால் கனத்தால், மல்லாந்து படுத்து, சுவரில் கால் சாய்த்து விபரீத கரணி ஆசனம், 5 நிமிடம். பின்தொடை இழுத்தால் இடுப்பைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவையுங்க. முழங்காலை வலிந்து நிமிர்த்த வேண்டாம். கண் அழுத்த நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.