கையுறைக்குள் ரேகை: கொலம்போவின் கப்பல் கதை நடக்குமா?

கித்தாக்காடு (சுங்கை சிப்புட்):
'கொலம்போ' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரில் 1975-இல் வந்த 'டிரபுள்ட் வாட்டர்ஸ்' பகுதி. மெக்சிகோ போகும் கப்பலில் கொலை, ஆய்வுக்கூடம் இல்லை. துப்பறியும் அதிகாரி கொலம்போ பென்சில் கரியை வைத்தே விரல் ரேகை தேடுகிறார். கடைசியில் ரப்பர் கையுறையின் உட்பக்க ரேகைதான் கொலைகாரனை மாட்டிவிடுகிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகத்தில் இதைச் செய்து காட்ட முடியுமா?

ஒட்டுப்பால்:
தாராளமா முடியும். கையுறைக்குள் விரல் வியர்க்கும். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் உள்ளேயே படியும். ஆனா முதல்ல கண்ணாடி டம்ளர்ல பழகுங்க. 4பி பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்து மாவாக்குங்க. மூக்கைத் தொட்ட விரலை டம்ளரில் அழுத்தி, கரியைத் துளி எடுத்து மென்மையான தூரிகையால் வருடுங்க. அழுத்தித் தேய்ச்சா கோடுகள் கலைஞ்சிடும். ஒட்டுநாடாவில் எடுத்து வெள்ளைத்தாளில் ஒட்டுங்க.

தடயம்:
அண்ணே சொன்னது சரி. கையுறைக்கு வரும்போது மாவு பூசாததா வாங்குங்க, மாவு ரேகையை மறைச்சிடும். பத்து நிமிடம் போட்டுட்டு, உட்பக்கம் வெளியே வரும்படி மெதுவா உருவுங்க. ஈரம் காயணும், இல்லாட்டி கரி திட்டுத்திட்டா அப்பிக்கும். ரப்பரை இழுத்தா ரேகையும் இழுபடும், அதனால அட்டைத்துண்டை உள்ளே செருகி விரல்பகுதியைத் தட்டையா வையுங்க. கரியும் ரப்பரில் எளிதா அப்புவதால் கப்பலில் கிடைத்த மாதிரி தெளிவு அரிது. நிஜ ஆய்வகத்தில் உட்பக்கத்துக்கு நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துவாங்க. வியர்வையின் அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறமாகும். அதைப் பள்ளியில் வேண்டாம்.

கித்தாக்காடு:
நன்றி. மாவில்லாத கையுறையே வாங்குறோம்.