மேட்டுப்பாளையம் ஊட்டி ரயில், மில் ஃபிட்டரா இருந்த அப்பாவ கூட்டிட்டு போறேன், என்னென்ன காட்டலாம்?

கேள்வி (கடலூர் ஓ.டி.):
அப்பாவுக்கு 71 வயசு, பாண்டி மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். மலை ரயில்ல ஒரு தடவ போகணும்னு ரொம்ப நாளா சொல்றார், அவருக்கு இயற்கைக்காட்சி எல்லாம் ரெண்டாவதுதான் என்ஜின்தான் பாக்கணும். எந்த சைடு சீட் நல்லது, மெஷின கிட்ட போய் பாக்க முடியுமா, ஒரே நாள்ல முடியுமா?

பதில் 1 (நெல்லித்தோப்பு):
சீட் சைட விடுங்க தம்பி. காலைல 7.10க்கு வண்டி, முந்தின நாளே மேட்டுப்பாளையம் போய் தங்கிடுங்க, ராத்திரி பஸ்ல இறங்கி நேரா ஏறுனா அப்பா தூங்கிடுவார். அரை மணி முன்னாடியே பிளாட்பாரம் போங்க. ஏறும்போது என்ஜின் முன்னாடி இருக்காது, பின்னாடி இருந்து தள்ளும், அதனால கடைசி பெட்டி கிடைச்சா சத்தம் முழுசா கேக்கும். கல்லாறு ஸ்டேஷன்ல பல்சக்கரத் தண்டவாளம் ஆரம்பிக்கும், அதாவது நடுவுல பல்லு வச்ச தண்டவாளம், என்ஜினோட பல்சக்கரம் அத கடிச்சு ஏறும், அங்க சத்தம் மாறும், அத அவர் தவறவிடக்கூடாது. 12 அடிக்கு 1 அடி ஏத்தம் சார், சாதா சக்கரம் வழுக்கிடும்.

பதில் 2 (ரயில்வேல 30 வருஷம்):
ஃபிட்டருன்னா இத சொல்லுங்க, இந்த மலை ரயில இழுக்கற நீராவி என்ஜினுக்கு எக்ஸ் கிளாஸ்னு பேரு, அதுல நாலு சிலிண்டர். கீழ ரெண்டும் ஓட்டற சக்கரத்துக்கு, மேல ரெண்டும் பல்சக்கரத்துக்கு. சமதரையில கீழ ரெண்டு மட்டும் வேலை செய்யும், ஏத்தத்துல கீழ வேலை செஞ்ச நீராவியே மேல போய் அடுத்த ரெண்ட ஓட்டும், ஆவிய வீணாக்காம ரெண்டு தடவ பிழியறது. முதல்ல ஸ்விட்சர்லாந்துல வின்டர்தூர்ல செஞ்சது, அப்புறம் நம்ம திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்லயே புதுசா செஞ்சாங்க, எனக்கு அதுல பெரிய பெருமை. 1899ல குன்னூர் வரைக்கும், 1908ல ஊட்டி வரைக்கும் வந்த பாதை இது, 46 கிலோமீட்டர், 16 குகை. குன்னூர்ல நீராவி என்ஜின கழட்டிட்டு டீசல் போடுவாங்க, அங்க இறங்கி நின்னு பாருங்க, ஆனா ஷெட்டுக்குள்ள போறதுக்கு முன்ன அனுமதி கேளுங்க.

பதில் 3 (முதலியார்பேட்டை):
எங்க தாத்தாவும் மில்தான். ஊட்டி போய்ட்டு வந்த பிறகு ஒரு நாள் அப்பாவ கூட்டிட்டு பழைய மில் வாசலுக்கும் போங்க. 1936 ஜூலை 30ல எட்டு மணி நேர வேலைக்காக போராடின 12 தொழிலாளிங்க பிரெஞ்சு போலீஸ் சுட்டு செத்தாங்க, அந்த இடத்த பத்தி உங்கப்பா மாதிரி ஆளுங்க சொன்னாதான் நம்ம பிள்ளைங்களுக்கு தெரியும். ஒரே நாள்லன்னு அவசரப்படாதீங்க, ஏறவே அஞ்சு மணி நேரம் ஆகும், ஊட்டில ஒரு ராத்திரி தங்கிட்டு வாங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணே, ரெண்டாவது பதில அப்பாவுக்கு படிச்சு காட்டினேன், மறுபடி படின்னு சொல்லி பேப்பர்ல சிலிண்டர வரைஞ்சுட்டு உக்காந்திருக்கார். அவ்ளோ ஏத்தத்துல பல்லுக்கு கிரீஸ் எங்க வச்சு போடறாங்கன்னு கேக்கறார், தெரிஞ்சவங்க சொல்லுங்க.