கொத்தக் கொத்தப் பெருகும் களை: என்ன செய்வது? (உதவி தேவை)

பின்வாசல்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் உள்ள மரக்கறித் தோட்டத்தில் களை தாங்க முடியவில்லை. ஒவ்வொரு முறை கொத்திப் பிடுங்கினாலும் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாக வந்துவிடுகிறது. அம்மாவுக்கு இடுப்பு வலி, குனிந்து வேலை செய்ய முடியாது. நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருப்பேன். களைநாசினி வாங்கி அடித்துவிடலாமா? பயிருக்குப் பாதிப்பு இல்லாமல் எதை அடிக்கலாம்? இந்த வாரமே முடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வெலிமடை அக்கா:
தம்பி, எந்த ஊர்? என்ன களை? புல்லா, அகன்ற இலையா, கோரையா? என்ன பயிர் நிற்கிறது? இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது குருட்டு வைத்தியம். முடிந்தால் வேரோடு ஒரு செடியைப் பிடுங்கிப் படம் எடுத்துப் போடுங்கள்.

ஊவாக் காற்று:
எந்தக் களையாக இருந்தாலும் ஒரே வழிதான். பாத்தியை நனைத்து, நிறமில்லாத பொலித்தீனை இழுத்து மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து, நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். வெயில் சூட்டில் உள்ளே இருக்கும் விதைகள் வெந்துவிடும். நான் பண்டாரவளையில் ஆடி மாத வெயிலில் இதைத்தான் செய்கிறேன். மருந்தே தேவையில்லை.

சாம்பல் மேடு:
களை வருவதே மண் புளித்திருப்பதால்தான். மலைநாட்டு மண் எல்லாம் அமில மண். டொலமைட் (மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) போடுங்கள், களை தானாகக் குறையும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பழைய கங்காணி:
இந்தக் கேள்விக்கு இங்கே பல முறை பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படிக்கும் பழக்கம் இப்போதைய பிள்ளைகளுக்கு இல்லை. களை என்பது தோட்டத்தில் கால் வைக்காதவர்களின் பிரச்சினை. கிழமையில் ஒரு நாள் மட்டும் தோட்டத்தைப் பார்த்தால் களைதான் விளையும். சொரண்டியை எடுத்து மேல்மண்ணோடு சுரண்டித் தள்ளுங்கள். எங்கள் காலத்தில் ஏக்கர் கணக்கில் அப்படித்தான் சுத்தம் செய்தோம்.

பின்வாசல்:
ஊர் நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கம். லீக்ஸ், கரட், கொஞ்சம் கோவா (முட்டைக்கோஸ்). களை மூன்று மூன்று இலையாக இருக்கிறது. படம் ஏற மாட்டேன் என்கிறது.

வெலிமடை அக்கா:
மூன்று இலை என்றால் பெரும்பாலும் புளியாரை வகை. பூ என்ன நிறம்? மஞ்சளா, ஊதா கலந்த இளஞ்சிவப்பா? தண்டு தரையில் படர்கிறதா, அல்லது தண்டே இல்லாமல் இலைக்காம்புகள் மண்ணிலிருந்து நேராக எழும்புகின்றனவா? இது மிகவும் முக்கியம் தம்பி, பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை எதையும் அடிக்க வேண்டாம், கொத்தவும் வேண்டாம்.

ஊவாக் காற்று:
கந்தப்பளை என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே. இருந்தாலும் பொலித்தீன் வேலை செய்யும்.

மூடுபனி:
செய்யாது அண்ணா. நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கந்தப்பளையும் அதே குளிர்தான். ஆண்டின் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான், அதிலும் பாதி நாள் மூடுபனி. பண்டாரவளையின் ஆடி வெயிலை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆடியில் எங்களுக்குத் தென்மேற்குப் பருவ மழை. நிறமில்லாத பொலித்தீனுக்குள் இந்தக் குளிரில் களை இன்னும் செழிப்பாக வளரும். மூடுவதானால் கறுப்புப் பொலித்தீன்தான். அது சூட்டால் கொல்வதில்லை, வெளிச்சத்தை மறைத்துப் பட்டினி போடுகிறது.

கொழுந்துக்கூடை:
உப்புத் தண்ணீர் ஊற்றினால் இரண்டு நாளில் கருகிவிடும். முற்றத்துக் கல் இடுக்கில் செய்து பார்த்திருக்கிறேன்.

வெலிமடை அக்கா:
முற்றத்துக்குச் சரி. பாத்தியில் ஊற்றினால் உப்பு மண்ணிலேயே தங்கும், அடுத்து வைக்கும் கரட்டும் போஞ்சியும் முளைக்காது. தயவுசெய்து யாரும் மரக்கறிப் பாத்தியில் உப்பு போடாதீர்கள்.

சாம்பல் மேடு:
புளியாரை என்றால் நான் சொன்னது சரிதானே? புளிப்பு மண்ணில்தான் புளியாரை வரும். டொலமைட் போடுங்கள்.

மூடுபனி:
கோவாவுக்கு டொலமைட் நல்லது, அதை நான் மறுக்கவில்லை. அமில மண்ணில் கோவா வேர் முண்டுமுண்டாக வீங்கும் நோய் அதிகம், டொலமைட் அதைக் குறைக்கும். ஆனால் புளியாரை டொலமைட் போட்ட பாத்தியிலும் அதே பச்சையாகத்தான் நிற்கிறது. இலையில் உள்ள புளிப்பு அந்தச் செடி தானே உண்டாக்குகிற அமிலம். அதை வைத்து மண்ணைக் கணிக்க முடியாது. மண்ணின் அமிலத்தை அறிய வேண்டுமானால் மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

பழைய கங்காணி:
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? கிளைபோசேட் களைநாசினி ஒரு தெளிப்பு போதும். தோட்டங்களில் அதுதான் வேலை செய்தது.

லயத்துப் பிள்ளை:
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், லீக்ஸும் கரட்டும் நிற்கிற பாத்தியில் கிளைபோசேட் அடிக்கச் சொல்கிறீர்களா? அது களை, பயிர் என்று வேறுபாடு பார்க்காது. பச்சையாக இருப்பதையெல்லாம் கொல்லும். தேயிலையில் அடிக்கும்போதே கொழுந்தில் படாமல் அடிக்க வேண்டும் என்றுதான் சொல்லிக் கொடுப்பார்கள்.

பழைய கங்காணி:
2015 இல் அரசாங்கத்தார் அதைத் தடை செய்தார்களே, என்ன ஆனது? 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அவர்களே தளர்த்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் தேயிலை மலைகள் எல்லாம் காடாகின. கைகளையெடுப்புக்கு ஆள் எங்கே?

லயத்துப் பிள்ளை:
காடான மலையில் இறங்கிக் கொழுந்து பறித்தவர்களில் என் அம்மாவும் ஒருவர். இடுப்பளவு களைக்குள் அட்டைக் கடியும் குளவிப் பயமுமாகத்தான் வேலை செய்தார். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து, கையுறையும் முகமூடியும் இல்லாமல் மருந்து அடித்ததும் எங்கள் ஆட்கள்தான். ஆள் பற்றாக்குறைக்கு மருந்து பதில் என்றால், அடிக்கிற மனிதருக்குப் பாதுகாப்பு உடை கொடுப்பதும் அந்தப் பதிலில் சேர வேண்டும்.

கொழுந்துக்கூடை:
சரியாகச் சொன்னீர்கள் தம்பி. சொரண்டி பற்றியும் ஒரு வார்த்தை. சரிவு நிலத்தில் சொரண்டியால் சுரண்டச் சுரண்ட மேல்மண் தளர்ந்து மழையோடு ஓடைக்குப் போய்விடுகிறது. தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையமும் சுரண்டிக் களையெடுப்பதை ஊக்குவிப்பதில்லை. மண் கெட்டால் பசளை எவ்வளவு போட்டாலும் பயனில்லை.

பழைய கங்காணி:
சொரண்டி பிடித்து வளர்ந்த கை இது. எனக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

பின்வாசல்:
பூ இளஞ்சிவப்பு. தண்டு இல்லை. பிடுங்கினால் அடியில் சின்ன வெங்காயம் மாதிரி இருக்கிறது, அதைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக உதிர்கிறது. லீக்ஸ் பாத்தியில்தான் முதலில் வந்தது. இப்போது கரட் பாத்தியிலும் இருக்கிறது.

மூடுபனி:
இப்போது விளங்குகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்களிடம் இருப்பது குமிழ்ப் புளியாரை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி, மலைநாட்டில் மரக்கறித் தோட்டங்களிலும் தேயிலையிலும் நன்றாக ஊன்றிவிட்டது. மஞ்சள் பூப் புளியாரை வேறு. அது விதையால் பரவும், காய் வெடித்து விதை தெறிக்கும். அதைப் பூக்கும் முன் பிடுங்கினால் போதும். உங்களுடையது நிலத்துக்கு அடியில் பெருகுகிறது. தாய்க் குமிழிலிருந்து வெள்ளை நூல் போன்ற கிளைகள் ஓடி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குஞ்சுக் குமிழ் உண்டாகும். மண்வெட்டியால் கொத்தும்போது அந்த நூல் அறுந்து குஞ்சுகள் மண்ணில் சிதறும். ஒவ்வொன்றும் ஒரு புதுச் செடி. நீங்கள் கொத்தக் கொத்தப் பெருகியது இதனால்தான்.

லீக்ஸ் பாத்தியில் முதலில் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. லீக்ஸ் இலை குறுகியது, நிலத்துக்கு நிழல் தராது. மாதக்கணக்கில் நிற்கும் பயிர். வெள்ளைத் தண்டு நீள வேண்டும் என்று மண்ணை இழுத்து இழுத்து அணைப்போம், அந்த மண்ணோடு குமிழும் பாத்தி முழுவதும் பயணம் செய்யும். நாற்றை எங்கிருந்து வாங்கினீர்கள்? மண்ணோடு வந்த நாற்றா? அப்படியானால் குமிழ் அதிலேயே வந்திருக்கலாம்.

மழைக்காலத்தில் ஈர மண்ணைக் கொத்த வேண்டாம். குஞ்சுகள் உதிரும், காயவும் மாட்டா. இப்போதைக்கு இலைகளை மட்டும் தரை மட்டத்தில் அறுத்துக்கொண்டே இருங்கள். புதிய இலை விரிந்து, பூ வருவதற்கு முன்னால் அறுப்பது முக்கியம். அந்த நேரத்தில்தான் தாய்க் குமிழின் சேமிப்பு மிகவும் குறைந்திருக்கும், குஞ்சுகளும் இன்னும் முற்றியிருக்க மாட்டா. இது ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் பொருந்தும். நீளக் கைப்பிடி உள்ள கருவி இருந்தால் அம்மாவும் நின்றபடியே செய்யலாம்.

தை, மாசியில் மழை குறையும்போது முள்ளுக்குத்தும் முள்ளை (மண்ணைக் கிளறும் இரும்பு முட்கருவி) எடுத்து, செடிக்குத் தள்ளி ஆழமாகக் குத்தி, மண்கட்டியோடு தூக்கி உதறிப் பொறுக்குங்கள். குமிழ்கள் பெரும்பாலும் மேல் அரையடிக்குள் இருக்கும். பொறுக்கியதைக் கூட்டெருக் குழியில் போடவே கூடாது. வீட்டுக் குழிக்குள் அவற்றைக் கொல்லும் அளவுக்குச் சூடு வருவது அரிது. தகரத்தின் மேல் பரப்பிச் சருகாகும்வரை காய வையுங்கள், அல்லது எரித்துவிடுங்கள்.

அடுத்த போகத்தில் அந்தப் பாத்தியில் லீக்ஸும் கரட்டும் வேண்டாம். உருளைக்கிழங்கு அல்லது நெருக்கமாகக் கோவா வையுங்கள். இலை விரிந்து நிலத்தை மூடிவிட்டால் புளியாரை வெளிச்சமின்றி மெலியும். ஒரு பாத்தியைச் சும்மா விட முடிந்தால் கறுப்புப் பொலித்தீனால் ஒரு போகம் முழுவதும் மூடி வையுங்கள். மானாப்புல் கிடைத்தால் வெட்டி, பயிர் வரிசைகளுக்கு இடையில் மூன்று அங்குலக் கனத்துக்குப் போடலாம். விதைக் களைகளை அது நன்றாகத் தடுக்கும், மண்ணையும் பிடித்து வைக்கும். ஆனால் குமிழ்ப் புளியாரை அதை முட்டிக்கொண்டு வரும். ஆகவே இலை அறுப்பதை நிறுத்த முடியாது.

மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிளைபோசேட்டால் இலை கருகும், ஆனால் அடியில் உள்ள பல குமிழ்கள் மறுபடி துளிர்க்கும். பயிர்தான் நிச்சயமாகச் சாகும். இதற்குப் பிறகும் மருந்துதான் என்று தோன்றினால், கடைக்காரரிடம் கேட்காமல் உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் தமிழில் கேட்டுப் பாருங்கள்.

வெலிமடை அக்கா:
அருமையான பதில். ஒன்று சேர்க்கிறேன். இந்தப் பாத்தியில் பயன்படுத்திய மண்வெட்டியையும் செருப்பையும் கழுவாமல் கோவாப் பாத்திக்குப் போகாதீர்கள். அந்தப் பக்கம் இன்னும் சுத்தமாக இருக்கிறது என்றால் அதைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

ஊவாக் காற்று:
குமிழ் என்றால் நிறமில்லாத பொலித்தீன் கந்தப்பளையில் போதாது, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்து விதைக் களைகளுக்கு அதுவே சிறந்தது என்பதில் மாற்றமில்லை.

சாம்பல் மேடு:
உருளைக்கிழங்கு வைப்பதானால் டொலமைட்டைக் குறைத்துப் போடுங்கள். சொறி நோய் வரும்.

பழைய கங்காணி:
இத்தனை நீளமாக எழுதினாலும் கடைசியில் கையால்தானே பிடுங்கச் சொல்கிறார்.

லயத்துப் பிள்ளை:
பிடுங்கச் சொல்லவில்லை ஐயா, அறுக்கச் சொல்கிறார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இந்தத் தம்பியின் தோட்டம் தப்பப் போகிறது.

மூடுபனி:
பின்வாசல் தம்பி, நாற்று எங்கிருந்து வந்தது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

கொழுந்துக்கூடை:
தம்பி இருக்கிறீர்களா? அம்மா எப்படி இருக்கிறார்?

பின்வாசல்:
மன்னிக்கவும், வேலை. நாற்று மண்ணோடு வாங்கியதுதான். மழை விட்டதும் முள்ளால் தூக்கினோம், ஒரு வாளி குமிழ் வந்தது, எரித்துவிட்டோம். லீக்ஸ் இருந்த இடத்தில் உருளைக்கிழங்கு வைத்திருக்கிறோம். கரட் பாத்தியில் இன்னும் வருகிறது, அம்மா நின்றபடியே அறுக்கிறார். எல்லோருக்கும் நன்றி.

மூடுபனி:
நல்லது. கிழங்கு தோண்டும்போது மண்ணைப் பரப்பிப் பாருங்கள், தப்பிய குமிழ்கள் அப்போது கண்ணில் படும். அடுத்த நாற்றை வேரைக் கழுவி நடுங்கள்.