கிரவுண்ட்ஹாக்குக்குத் தமிழில் என்ன சொல்? வியாழனுக்குள் வேண்டும்

அனுப்பியவர்: வகுப்பாசிரியை, பிட்ஸ்பர்க்

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான்காம் நிலைப் பிள்ளைகளுக்காக பிப்ரவரி 2, அதாவது "கிரவுண்ட்ஹாக் டே" பற்றி ஒரு பக்கப் பாடம் எழுதுகிறேன். எங்கள் ஊரிலிருந்து 80 மைல் தொலைவில் பங்ஸடானி என்ற சிற்றூர். 1887 முதல் அங்கே இந்தக் கூத்து நடக்கிறது. விடியற்காலையில் உயரத் தொப்பி வைத்த பெரிய மனிதர்கள் ஃபில் என்ற கிரவுண்ட்ஹாக் பிராணியை வெளியே தூக்குவார்கள். அது தன் நிழலைப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம் குளிர். பார்க்காவிட்டால் வசந்தம் சீக்கிரம் வரும். போன வருடப் பாடத்தில் "நிலப்பன்றி நாள்" என்று போட்டிருந்தார்கள். ஒரு பையன் சுருட்டை வாலோடு பன்றி வரைந்துகொண்டு வந்தான். பிராணிக்கும் நாளுக்கும் நல்ல சொல் சொல்லுங்கள். வியாழன் அச்சுக்குப் போகிறது.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

அம்மா, நிலப்பன்றியை உடனே எடுத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் "ஹாக்", அதாவது பன்றி என்றிருப்பதால் தமிழிலும் பன்றி என்றால், கடற்குதிரைக்கும் சேணம் கட்ட வேண்டியதுதான். இந்த நாளுக்கான சொல் நம்மிடமே இருக்கிறது: விரிச்சி. முல்லைப்பாட்டில் "பெருமுது பெண்டிர் விரிச்சி நிற்ப" என்று வருகிறது. தலைவன் எப்போது வருவான் என்று நற்சொல் கேட்க நிற்கிறார்கள். பங்ஸடானிக்காரர்கள் வசந்தம் எப்போது வரும் என்று நிற்கிறார்கள். ஆகவே "விரிச்சி நாள்".

அனுப்பியவர்: மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஐயா, கடற்குதிரையை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோமே, சேணம் யாரும் கட்டவில்லை. முள்ளம்பன்றியும் பன்றியா என்ன? அதுவும் கொறிக்கும் பிராணிதான். தமிழனே ஒரு கொறிப்பியைப் பன்றி என்று கூப்பிட்டபோது நிலப்பன்றி மட்டும் என்ன பாவம் செய்தது? அப்புறம், விரிச்சி என்பது காதில் விழும் சொல். ஃபில் எங்கே பேசுகிறது?

அனுப்பியவர்: தமிழாசிரியர், மதுரை

முள்ளம்பன்றிக்குச் சங்ககாலப் பெயர் முளவுமா. பன்றி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பேசாவிட்டால் என்ன, பல்லி மட்டும் வாக்கியம் அமைத்தா பேசுகிறது? "பல்லியும் பாங்கொத்து இசைத்தன" என்கிறது கலித்தொகை.

அனுப்பியவர்: விலங்கியல் விரிவுரையாளர், கோவை

ஃபில் பேசுவதாகத்தான் அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அதன் மொழி விழாவை நடத்தும் சங்கத்தின் தலைவருக்கு மட்டும் புரியுமாம். அது கிடக்கட்டும். இந்தப் பிராணி அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. நிலத்தில் வளை தோண்டி, குளிர்காலம் முழுக்க உறங்கும். பிப்ரவரி வாக்கில் ஆண் எழுந்து வந்து பெண்களின் வளை எங்கெங்கே என்று நோட்டம் பார்த்துவிட்டு மறுபடி தூங்கப் போகும். சொல்லில் அணில் இருந்தாக வேண்டும்.

அனுப்பியவர்: தமிழாசிரியர், மதுரை

பெண் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறது என்றால் இது அகத்திணை, ஐயமே இல்லை. ஆனால் அணிலா? தொல்காப்பிய மரபியல் "மூவரி அணில்" என்கிறது. முதுகில் மூன்று வரி இல்லாததை எப்படி அணில் என்பது?

அனுப்பியவர்: வாசகி, டொரொன்டோ

எங்கட ஒன்டாரியோவிலும் வையர்ட்டன் வில்லி என்று குறி சொல்லும் கிரவுண்ட்ஹாக் ஒருவர் இருக்கிறார். ஐயா, மலையணிலுக்கு மூன்று வரி இல்லையே, அதை அணில் என்றுதானே சொல்கிறோம்? இதற்கு "உட்சக்" என்றும் ஒரு பெயர் உண்டு. அதில் மரமும் ("உட்") இல்லை, எறிதலும் ("சக்") இல்லை. அல்கொன்கியக் குடும்பத்துப் பழங்குடி மொழிச் சொல்லை ஆங்கிலேயர் தங்கள் காதுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டது அது. அவர்களே கடன் வாங்கியிருக்க, நாங்களும் "உட்சக்" என்று எழுதினால் என்ன குறை?

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

நானும் அதையே சொல்கிறேன். கிரவுண்ட்ஹாக் என்றே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல். தெரிந்ததைத் தெரியாததாக்குவதா பாடம்?

அனுப்பியவர்: தமிழாசிரியர், மதுரை

அப்படியானால் எதற்குத் தமிழ் வகுப்பு? இதோ பிடியுங்கள்: அகழ் + அணில் = அகழணில். வினைத்தொகை. அகழ்ந்த அணில், அகழ்கின்ற அணில், அகழும் அணில், மூன்று காலமும் அடக்கம். மூன்று வரிக்குப் பதில் மூன்று காலம் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அனுப்பியவர்: வகுப்பாசிரியை, பிட்ஸ்பர்க்

அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் ழகரமும் ணகரமும் ஒரே சொல்லில் வந்தால் என் பிள்ளைகள் "அகலனில்" என்பார்கள். போகட்டும், பயிற்சியாக வைத்துக்கொள்கிறேன். நாளுக்கு "நிழல்நாள்" போடலாமா?

அனுப்பியவர்: விலங்கியல் விரிவுரையாளர், கோவை

வேண்டாம். சூரியன் நேர் உச்சியில் வரும் நாளை இங்கே "நிழலில்லா நாள்" என்று பள்ளிகளில் சொல்லித் தருகிறோம். இரண்டும் குழம்பும்.

அனுப்பியவர்: தமிழாசிரியர், மதுரை

வசந்தம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் பார்க்க வேண்டும். இளவேனில் நமக்குச் சித்திரை, வைகாசி. பிப்ரவரி 2 என்பது தை 20 வாக்கில், அதாவது முன்பனியின் கடைசி. ஆறு வாரம் கூட்டினால் பங்குனி பிறக்கும். மாசியும் பங்குனியும் பின்பனி. ஆக ஃபில் நிழலைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நம் கணக்கில் பின்பனிதான்.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

பென்சில்வேனியாவின் பனிக்குத் தொல்காப்பியர் பொறுப்பல்ல, ஐயா. இன்னொன்று. 1993இல் வந்த திரைப்படத்துக்குப் பிறகு இந்த நாளின் பெயருக்கு "ஒரே நாள் திரும்பத் திரும்ப வருவது" என்றும் பொருள் வந்துவிட்டது. விரிச்சி, நிழல் எதுவும் அதைத் தாங்காது. இந்த இழையே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அனுப்பியவர்: வகுப்பாசிரியை, பிட்ஸ்பர்க்

அச்சுக்கு அனுப்பிவிட்டேன். முதல் வரியில் "கிரவுண்ட்ஹாக் என்னும் அகழணில்", பிறகு அகழணில் மட்டும். நாளுக்கு "அகழணில் நாள்". ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் சொந்த நாட்டில் வேறொரு வளைவாழ் பிராணியை வைத்துக் குறி பார்த்தார்கள் என்ற வரியைச் சொல் பஞ்சத்தால் எடுத்துவிட்டேன். தயவுசெய்து அதற்கு யாரும் பெயர் அனுப்ப வேண்டாம். நன்றி.

அனுப்பியவர்: விலங்கியல் விரிவுரையாளர், கோவை

பதிவுக்காக மட்டும்: தரையில் வளை தோண்டும் அணில் வகைகள் வேறு பல உண்டு. அவையும் அகழ்பவைதான். அவற்றுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

அனுப்பியவர்: தமிழாசிரியர், மதுரை

முளவுமா பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.