புதுப்பிப்பு: காவல் முடிந்த குலம் எங்கே போகும்?

போன இழையில் கேட்டது இதுதான்: என் காவியக் கற்பனைக் கதையில் ஒரு கணவாயைத் தலைமுறைகளாகக் காத்த நாடோடிக் குலம் இருக்கிறது, எதிரியே இல்லாமல் போனபின் அதை என்ன செய்வது? நிறையப் பேர் "கடைசிப் போர்" என்றீர்கள். எனக்கு ஒட்டவில்லை. போர் வந்தால் அவர்களுக்கு மறுபடி வேலை கிடைத்துவிடுகிறதே!

பதிலாகக் கல்மிக்குகள் என்ற மங்கோலிய நாடோடி மக்களின் வரலாற்றைப் பிடித்துக்கொண்டேன். ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரைப் புல்வெளியில் மந்தை மேய்த்தவர்கள், ரஷ்யப் பேரரசுக்குக் குதிரைப்படை தந்தவர்கள். மேய்ச்சல் நிலத்தில் குடியேற்றங்கள் பெருகின, அவர்களின் தலைவரான கானின் அதிகாரம் சுருங்கியது. 1771 ஜனவரியில் உபாஷி கான் தலைமையில் பெரும்பகுதியினர் மூதாதையரின் நிலமான ஜுங்காரியாவை (இன்றைய வடமேற்குச் சீனாவில்) நோக்கிக் கிளம்பினார்கள். வழியில் குளிர், பசி, நோய், கசாக் நாடோடிகளின் தாக்குதல். மிகப் பலர் போய்ச் சேரவில்லை. சேர்ந்தவர்களைச் சீனாவின் சிங் அரசு பல இடங்களில் பிரித்துக் குடியமர்த்தியது. வோல்காவின் மேற்குக் கரையில் இருந்தவர்களால் கிளம்பவே முடியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஆறு சரியாக உறையவில்லை, பனிமேல் கடக்க வழியில்லை.

எனக்கு வேண்டியது அந்த ஆறுதான். (எந்த வில்லனும் இவ்வளவு அலட்சியமாக இருக்க மாட்டான்.) இனி என் கதையில், அந்தக் குலத்தின் அக்கா ஒருத்தி கிழக்கே போகிறாள், தம்பி மேற்குக் கரையில் மாட்டிக்கொள்கிறான். தம்பி பகுதியைத்தான் முதலில் எழுதுகிறேன். அத்தியாயம் முடிந்ததும் இங்கேயே போடுகிறேன்.